கல்லெழுத்துக்கு ஒரு நிலையான படி

நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்திலுள்ள கல்வெட்டு, பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ் ஆணையாகும். பிறதேசத்து வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்க வேண்டும். அவர்கள் காக்கப்பட வேண்டும் என்கிறது அது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கெனில் சரிபாதி. பேராசிரியர் கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார்.

தீவகத்தின் வணிக வரலாற்றுக்கு இத்தகைய சான்று அரிது. ஆனால் கல்லைச் சூழ்ந்திருப்பது உப்புக் காற்று. ஆகவே நீடித்து நிற்கும் படிகள் தீவகப் பாடசாலைகளிலும் நூலகங்களிலும் இருத்தல் அவசியம்.

கல்வெட்டாய்வாளர் எடுக்கும் மைப்படியே இதற்கு முன்மாதிரி. கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்குவர். பின்னர் கரிமை தோய்ந்த பொதியால் ஒற்றுவர். கல்லின் முகம் கறுக்கும். எழுத்து வெண்மையாக நிற்கும். நல்ல மைப்படி பல தலைமுறை தாங்குவதற்குக் காரணம் இரண்டு: தாள் அமிலமற்ற நீண்ட நாரினால் ஆனது, கரி வெளிச்சத்தில் வெளிறாது.

இன்று அருங்காட்சியகங்கள் ஓவியங்களுக்குப் படி எடுக்கும்போதும் இதே இரண்டையும்தான் பார்க்கின்றன. மலிவான அச்சுப்பொறிகள் பலவற்றில் உள்ளது கரையும் சாய மை; அது வெயிலில் சில ஆண்டுகளுக்குள் நிறம் மாறிவிடும். நுண்துகள்களாலான நிறமி மையைப் பருத்தித் தாளில் அச்சிட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். மரக்கூழ்த் தாளோ தன்னுள் இருக்கும் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்கும்.

அச்சுக்கு முன் படப்பிடிப்பு. வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழுந்தால்தான் செதுக்கிய எழுத்து நிழல்பெற்றுத் தெரியும். அளவுகோலும் நிற அட்டையும் படத்திலேயே இடம்பெற வேண்டும். மூன்றடி நீள அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 10,800 புள்ளிகள் தேவை. கைப்பேசிப் படத்தை இழுத்துப் பெருப்பித்தால் எழுத்து கலங்கும். மைப்படி எடுப்பது தொல்லியல் திணைக்களத்தின் பயிற்சி பெற்றோர் செய்யவேண்டிய வேலை. பழகாத கை கல்லையே கெடுத்துவிடும். முறையாக எடுத்த ஒரு மைப்படியிலிருந்து எத்தனை அச்சும் பெறலாம். கல்லை மறுபடி தொட வேண்டியதில்லை.

நெடுந்தீவிலோ வேலணையிலோ மாட்டும்போது பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டுவதைத் தவிர்க்க வேண்டும். நம்மவர்க்கு அதில் தனிப் பிரியம். எனினும் ஈரம் விளிம்பால் புகுந்தால் வெளியேற வழியில்லை. கண்ணாடி தாளில் முட்டாதபடி இடையே அட்டைச் சட்டம் வைத்து, வெயில் படாத உட்சுவரில், சுவருக்கும் சட்டகத்துக்கும் நடுவே காற்றோட்டம் விட்டு மாட்டுவதே ஏற்றது. கல்வெட்டின் வாசகமும் படியெடுத்த ஆண்டும் கீழே இருக்கட்டும்.