மண்ணுக்குச் சோறு – 9: லெட்யூஸின் அவசரம்

பெங்களூர் தொம்மலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் நிலக்கொடைகளைப் பேசுகின்றன. அந்த நிலமெல்லாம் இன்று அடுக்குமாடி. விவசாயம் மொட்டைமாடிக்கு ஏறிவிட்டது. அங்கே லெட்யூஸ் வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: யூரியாவை விட்டு மக்கு உரத்துக்கு மாறலாமா?

தாராளமாக மாறலாம். ஆனால் கணக்கு வேறு. நாற்று நட்டு ஆறேழு வாரத்தில் லெட்யூஸைப் பறித்துவிடுகிறோம். அதன் வேரும் ஆழம் போகாது. அந்த ஆறேழு வாரத்துக்குள் தழைச்சத்து கைக்கெட்டியாக வேண்டும். ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு 10 கிராம் தழைச்சத்து என்று வையுங்கள். 46 சதவீதச் சத்துள்ள யூரியா என்றால் 22 கிராம் போதும். மக்கு உரத்தில் இருப்பது 1 சதவீதம், அதில் முதல் வருடம் செடிக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், 5 கிலோ வேண்டும். மீதி நான்கு பங்கும் வீணில்லை. மண்ணில் தங்கி அடுத்தடுத்த போகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தொட்டியில் போட்ட யூரியாவோ நாலு தடவை தண்ணீர் ஊற்றினால் அடித்துளை வழியே போய்விடும். அளவு மீறினால் கீரை அதை நைட்ரேட்டாக இலையில் சேர்த்துவைக்கும். லெட்யூஸில் நைட்ரேட் இவ்வளவுதான் இருக்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டிருக்கிறது.

மக்கு உரம் செய்வதில் பெங்களூருக்குப் பெரிய பாரம்பரியம் உண்டு. நகரக் குப்பையையும் மனிதக் கழிவையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டு, மேலே மண் பூசி, கிளறாமலே மக்கவைக்கும் முறையை ஆச்சார்யா என்பவர் 1939-ல் உருவாக்கினார். உலகப் பாடநூல்களில் அதன் பெயரே பெங்களூர் முறை. 1975-ல் கர்நாடக கம்போஸ்ட் வளர்ச்சிக் கழகம் வந்தது. 2006-ல் பூனம் பீர் கஸ்தூரி தொடங்கிய டெய்லி டம்ப், சுட்ட மண் பானைகளை அடுக்கி உரம் செய்வதை வீட்டு பால்கனிக்கே கொண்டுவந்தது. இத்தனை இருந்தும் காய்கறித் தோலை பிளாஸ்டிக் பையில் கட்டி குப்பை லாரிக்குக் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

மக்கு உரத்தில் ஆபத்து ஒன்றே ஒன்று: அரைகுறையாக மக்கியதைப் போடுவது. காய்ந்த இலை அதிகமான உரம் செடிக்குரிய தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும். சமையல் கழிவு அதிகமானால் அம்மோனியா இளவேரைக் கருக்கும். லெட்யூஸைப் பச்சையாகவே சாப்பிடுகிறோம். கிருமி மிச்சமிருந்தால் நேரே வயிற்றுக்குத்தான். ஆகவே முதலில் உரத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடு தெரியக்கூடாது, மழை பெய்த மண் வாசனை வர வேண்டும். பிறகு ஒரு சோதனை. உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரில் நனைத்த துணிமேல் சில லெட்யூஸ் விதைகளைத் தூவுங்கள். பக்கத்தில் வெறும் தண்ணீரில் நனைத்த துணியில் சில விதைகள். வெளிச்சம் படட்டும், இந்த விதைக்கு அது வேண்டும். உரத்தண்ணீரில் முளை குறைந்தாலோ வேர் நுனி பழுப்பேறினாலோ உரம் இன்னும் தயாராகவில்லை.

ஏப்ரல், மே வெயிலில் லெட்யூஸ் பூத்தண்டு விட்டுக் கசந்துவிடும்; 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்களின் விதை சரியாக முளைக்காது. அந்த இரண்டு மாதமும் பானையை நிரப்புங்கள். அக்டோபரில் நாற்று நடும்போது உரம் கனிந்திருக்கும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள்.