கம்ப்யூட்டர் திறக்கவில்லையா? ஃபார்மட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள்



கல்வி உதவித்தொகை மனுக்கள் வாங்கும் மாதங்களில் நம் அலுவலகத்துக்கு வரும் பெற்றோர்களில் சிலர் இதையே சொல்கிறார்கள்: "சான்றிதழ் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அது பாஸ்வேர்டு கேட்கிறது, உள்ளே போக முடியவில்லை." உடனே கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். "ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்று அங்கே சொல்கிறார்கள். சரியாகத்தான் ஆகும். ஆனால் உள்ளே இருந்த எதுவும் மிஞ்சாது.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஓர் அக்கவுண்ட் இருக்கிறது. 'சி' டிரைவில் 'யூஸர்ஸ்' என்ற ஃபோல்டருக்குள் அவரவர் பெயரில் தனி ஃபோல்டர் இருக்கும். டெஸ்க்டாப்பில் வைத்தது, டாகுமெண்ட்ஸ், போட்டோ எல்லாம் பொதுவாக அதற்குள்தான். பாஸ்வேர்டு வாசல் பூட்டு மாதிரி. பூட்டு திறக்கவில்லை என்பதற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லை.

இதில் சான்றிதழை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. கணவர் வஃபாத்தான பிறகு அவருடைய லேப்டாப்பைத் திறக்க முடியாமல் ஒரு சகோதரி கடையில் கொடுத்தார். திரும்பி வந்தபோது லேப்டாப் புதிது போல இருந்தது. கணவர் யாரிடம் எவ்வளவு வாங்கியிருந்தார், யாருக்குக் கொடுத்திருந்தார் என்ற கணக்கு அதில்தான் இருந்திருக்கிறது. கடனை எழுதி வைக்கும்படி அல்பகராவின் 282ஆம் வசனம் சொல்கிறது. வஸிய்யத்தும் கடனும் தீர்ந்த பிறகே வாரிசுப் பங்கு என்று அந்நிஸாவின் 11, 12 வசனங்கள் சொல்கின்றன. அவர் எழுதித்தான் வைத்திருந்தார், எழுதியதுதான் அழிந்துவிட்டது. இப்போது கடன் கேட்டு வருபவர் சொல்வதையே அந்தக் குடும்பம் நம்ப வேண்டியிருக்கிறது.

எனவே கடைக்குப் போகுமுன் சில விஷயங்களை வீட்டிலேயே பாருங்கள்.

முதலில் கீபோர்டு. கேப்ஸ் லாக் எரிகிறதா? எண் பட்டன்களில் அடித்தால் நம் லாக் போட்டிருக்கிறதா? தமிழ் டைப் செய்ய வசதி ஏற்றியிருக்கும் வீடுகளில் இன்னொரு கோளாறு உண்டு: பாஸ்வேர்டு பெட்டியில் எழுத்து தமிழில் போய்க்கொண்டிருக்கும், வெளியே புள்ளிகள் மட்டும் தெரியும். திரையின் வலது கீழ் மூலையில் எந்த மொழி என்று காட்டும். விண்டோஸ் பட்டனையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மாறும். பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் அடையாளத்தை அழுத்தினால் நீங்கள் அடித்தது தெரியும்.

அடுத்து, கேட்பது பின் நம்பரா பாஸ்வேர்டா என்று பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரியது. அது மறந்துபோனால், 'சைன் இன் ஆப்ஷன்ஸ்' என்பதை அழுத்திப் பாஸ்வேர்டு கொடுத்தும் பல கம்ப்யூட்டர்களில் உள்ளே போகலாம்.

பாஸ்வேர்டும் நினைவில்லை என்றால், அது எந்த வகை அக்கவுண்ட் என்பதைப் பொறுத்தே வழி. ஈமெயில் முகவரி கொடுத்து உண்டாக்கியிருந்தால் அது மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட். அதன் பாஸ்வேர்டை உங்கள் செல்போனிலேயே, அக்கவுண்ட் டாட் லைவ் டாட் காம் என்ற தளத்தில் மாற்றலாம். பதிவு செய்த போன் நம்பருக்கோ வேறு ஈமெயிலுக்கோ ஒரு கோடு வரும். மாற்றிய பின் கம்ப்யூட்டரை வைஃபையில் இணைத்துவிட்டுப் புதிய பாஸ்வேர்டைப் போடுங்கள். இன்டர்நெட் இல்லாவிட்டால் புதியதை அதற்குத் தெரியாது.

நம் மக்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். வெளிநாட்டில் இருந்தபோது அங்குள்ள சிம் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்திருப்பார்கள். ஊர் வந்ததும் அந்த சிம் போய்விடும், கோடு அந்த நம்பருக்கே போய்க்கொண்டிருக்கும். பழைய விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதியது கொடுத்தால் 30 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே நாடு திரும்பும் சகோதரர்கள் சிம்மைக் கைவிடுமுன் நம்பரை மாற்றிவிடுவது நல்லது.

ஈமெயில் இல்லாமல், பெயர் மட்டும் கொடுத்து உண்டாக்கியது லோக்கல் அக்கவுண்ட். ஒருமுறை தவறாக அடித்தால் கீழே 'ரீசெட் பாஸ்வேர்டு' என்று வரும். முன்பே கொடுத்து வைத்த மூன்று கேள்விகளுக்குப் பதில் சொன்னால் திறக்கும். கேள்விகள் வைக்கவில்லை என்றாலும், அதே கம்ப்யூட்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுள்ள வேறு அக்கவுண்ட் இருந்தால் அதன் வழியாகக் கண்ட்ரோல் பேனலில் பாஸ்வேர்டை மாற்றலாம்.

பாஸ்வேர்டு சரியாக இருந்து உள்ளே போனால், டெஸ்க்டாப் காலியாக, ஒரு ஃபைலும் இல்லாமல் இருக்கிறதா? பயப்பட வேண்டாம். உங்கள் ஃபோல்டரைத் திறக்க முடியாமல் விண்டோஸ் ஒரு தற்காலிக அக்கவுண்டில் உங்களை உட்கார வைத்திருக்கலாம். அதில் எதையும் சேமிக்காதீர்கள், வெளியே வந்ததும் அழிந்துவிடும். ஓரிரு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் 'யூஸர்ஸ்' ஃபோல்டருக்குள் போய்ப் பாருங்கள், பழைய ஃபைல்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். புதிய அக்கவுண்ட் ஒன்றை உண்டாக்கி அதற்குக் காப்பி செய்துகொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சமீப காலத்து லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் பூட்டில் இருக்கிறது. சில சமயம் நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும். பெரும்பாலும் அந்த எண் லேப்டாப் உரியவரின் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் இருக்கும். அது கிடைக்கவில்லை என்றால் எந்தக் கடைக்காரராலும் ஃபைல்களை எடுக்க முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தப் பூட்டு இல்லாத கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்க வேண்டி வந்தால் இப்படிச் சொல்லுங்கள்: "ஃபார்மட் வேண்டாம். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி, யூஸர்ஸ் ஃபோல்டரை முழுதாகக் காப்பி எடுங்கள். மற்றது பிறகு." காப்பி எடுக்கும்போது வீட்டு ஆண் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். நம் வீட்டுப் பெண்களின் போட்டோக்கள் அதில் இருக்கின்றன. வெட்கப்பட வேண்டியதில்லை, கேட்டால் உட்கார விடுவார்கள்.

இப்போது கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அரை மணி நேர வேலைதான். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதியில் நம்பிக்கையான இன்னொருவர் பெயரில் இரண்டாவது அக்கவுண்ட் உண்டாக்கி, அதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுங்கள். பிள்ளைகளுக்கு அந்த உரிமை இல்லாத சாதாரண அக்கவுண்ட் போதும். பிட்லாக்கர் எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள். கொடுக்கல் வாங்கல் கணக்கைக் கம்ப்யூட்டரோடு ஒரு நோட்டிலும் எழுதி, மனைவிக்கோ மூத்த பிள்ளைக்கோ காட்டிவிடுங்கள். மனைவியின் அக்கவுண்டைக் கணவரோ, கணவருடையதை மனைவியோ துருவிப் பார்ப்பதற்கு இது அனுமதியல்ல. பாஸ்வேர்டு அமானிதம், தேவை வரும்போது மட்டுமே எடுக்க வேண்டியது.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் யாருக்காவது கம்ப்யூட்டர் இப்படிப் பூட்டிக்கொண்டால், கடையில் கொடுக்குமுன் அஸருக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் பார்த்துத் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். சார்ஜரையும், அக்கவுண்டில் பதிவான சிம் இருக்கும் போனையும் மறக்காமல் எடுத்து வரவும்.