திறக்காமற்போன இறுவட்டு

கணினிக்கூட அலுமாரியை ஒதுக்கிக்கொண்டிருந்த ஒரு நாளில் பழைய இறுவட்டு ஒன்று என் கையில் அகப்பட்டது. அதன் உறையில் 'எழுத்துத் தோட்டம் - தரம் 1, 2' என்று பேனையால் எழுதப்பட்டிருந்தது. அதைக் கண்டதும் எங்கள் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப ஆசிரியையின் முகம் மலர்ந்தது. பல வருடங்களுக்கு முன்னர் அவரும் அப்போதைய உயர்தர மாணவிகளும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்காகச் செய்த பாடம் அது. எழுத்தின் மேல் அழுத்தினால் அதன் ஒலி கேட்கும். படத்தை இழுத்துச் சரியான சொல்லின் மேல் வைத்தால் பூ விரியும்.

ஆவலோடு கணினியில் இட்டோம். மேலோடி திறந்தது, பாடம் திறக்கவில்லை. ஃபிளாஷ் பிளேயருக்கு இனி ஆதரவில்லை என்ற அறிவித்தல் மட்டுமே திரையில் இருந்தது.

"மூணு மாசம் வேலை செஞ்சோம் மகள்" என்றார் டீச்சர். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்தப் பாடத்தை மீண்டும் செய்து தருவதாக நானும் என் தோழியர் இருவரும் பொறுப்பேற்றோம். எதைக் கொண்டு செய்வது என்று தேடியபோது நான் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பகால இணையப் பக்கம் அச்சிட்ட தாளைப் போன்றது. வாசிக்கலாம், அடுத்த பக்கத்துக்குப் போகலாம், அவ்வளவுதான். அதற்கு அசைவும் ஒலியும் ஊட்ட மேலோடியோடு ஒட்டிக்கொள்ளும் தனி மென்பொருள்கள் வந்தன. இவற்றைச் செருகிகள் என்பர். 1995 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜாவா அப்லெட் வந்தது. 1996 இல் ஃபிளாஷின் முதல் வடிவம் வெளியாகி, பின்னர் மேக்ரோமீடியாவின் கைக்கும் 2005 இல் அடோபியின் கைக்கும் போனது. 2007 இல் மைக்ரோசொஃப்ட் சில்வர்லைட்டை வெளியிட்டது. இவற்றுள் அப்லெட் திறக்கத் தாமதமாகும். எழுதுவதற்கும் நல்ல செய்நிரலாக்க அறிவு வேண்டும். ஃபிளாஷோ படம் வரையத் தெரிந்தவரும் கையாளக்கூடியதாக இருந்தது. பாடசாலைகளும் அதை விரும்பியதில் வியப்பில்லை.

ஆனால் செருகி என்பது வாடகை வீடு. வீட்டுக்காரர் கதவைப் பூட்டினால் உள்ளே இருக்கும் நம் பொருளும் வெளியே வராது. 2007 இல் வந்த ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜொப்ஸ், மின்கலத்தை விரைவில் தீர்ப்பதையும் பாதுகாப்புக் குறைகளையும் காட்டி, ஃபிளாஷை ஏற்காததன் காரணங்களைப் பகிரங்கக் கடிதமாகவே எழுதினார். 2017 இல் அடோபி முடிவுத் திகதியை அறிவித்தது. 2020 டிசம்பர் 31 உடன் ஆதரவு நின்றது. சில்வர்லைட்டின் ஆதரவும் 2021 ஒக்டோபரில் முடிந்தது.

மற்றொரு பாதை மேலோடிக்குள்ளேயே வளர்ந்தது. 1995 இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழிதான் அது. பெயர் ஒத்திருந்தாலும் அது ஜாவா அல்ல. முதலில் சின்னச் சின்ன வேலைகளுக்கே பயன்பட்ட அம்மொழி, 2004 இல் ஜிமெயிலும் 2005 இல் கூகுள் மெப்ஸும் வந்தபின் புது மதிப்புப் பெற்றது. அவற்றின் பின்னால் இருந்த முறைக்கு 2005 இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் 'ஏஜக்ஸ்' என்று பெயரிட்டார்.

ஏஜக்ஸை எங்கள் வீட்டு அடுப்படியைக் கொண்டு விளங்கிக்கொண்டேன். கறி கொதிக்கும்போது உப்பு முடிந்துவிட்டால் உம்மா சட்டியைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சமைப்பதில்லை. தம்பியைக் கடைக்கு அனுப்புவார். கறி கொதித்துக்கொண்டே இருக்கும். பழைய இணையப் பக்கம் ஒரு சிறு தகவலுக்காக முழுப் பக்கத்தையும் சேவையகத்திலிருந்து மீண்டும் கொண்டுவரும். ஏஜக்ஸ் தேவையானதை மட்டும் பின்னணியில் எடுத்துவரும். பக்கம் இடையில் நிற்பதில்லை.

2014 இல் எச்.டி.எம்.எல்.5 முறையான நியமமானது. ஒலி, காணொளி, வரைதல் ஆகியவை செருகியில்லாமலே மேலோடிக்குள் இயங்குவதற்கான நியமம் இவ்வாறு உறுதியானது.

இன்று பலர் ஜாவாஸ்கிரிப்டை வெறுமனே எழுதாமல் அதன்மேல் கட்டிய கருவிகளைப் பயன்படுத்துகின்றனர். கூகுளின் அங்குலர் எல்லாச் சாமான்களும் நிறைந்த பெரிய பட்டறை போன்றது. பெரிய குழுவுக்கு அது ஒழுங்கைத் தரும்; தனியொருத்திக்குப் பாரம். 2013 இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியெக்ட், திரையைச் சிறு கூறுகளாகப் பிரித்து, மாறிய கூறை மட்டும் புதுப்பிக்கும். 2014 இல் எவன் யூ வெளியிட்ட வியூ, உள்ள பக்கத்தோடு சிறிது சிறிதாகச் சேர்க்க ஏற்றது.

நாங்களும் முதலில் இத்தகைய கருவியொன்றையே எடுத்தோம். கணினிக்கூடத்தில் அழகாக இயங்கியது. வீட்டில் உம்மாவின் பழைய கையடக்கத் தொலைபேசியில் திறந்தேன். "என்ன மகள் இது, வெள்ளையாவே நிக்குது?" என்று கேட்டார். பிழை கருவியுடையதல்ல, எங்களுடையது. பத்துப் படங்களும் முப்பது வினாக்களும் உள்ள பாடத்துக்குப் பெரிய பட்டறையைத் தூக்கி வந்திருந்தோம். பெரும்பாலான பிள்ளைகள் பாடத்தைத் திறக்கப்போவது உம்மாவின் அல்லது வாப்பாவின் தொலைபேசியில், அவர்கள் காசு கொடுத்துப் போட்ட டேட்டாவில் என்பதை மறந்துவிட்டோம்.

அதன்பின் மூன்று கேள்விகளை வைத்து எல்லாவற்றையும் ஒப்பிட்டோம். பழைய தொலைபேசியிலும் திறக்குமா? எவ்வளவு டேட்டா போகும்? பத்து வருடத்தின் பின்னும் இயங்குமா? முடிவில் எந்தக் கருவியும் சேர்க்காத எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் கொண்டே செய்தோம். ஒருமுறை திறந்தபின் பாடத்தைத் தொலைபேசியிலேயே சேமித்துவைக்கும் 'சேர்விஸ் வேர்க்கர்' வசதியையும் சேர்த்தோம். அடுத்த முறை டேட்டா இல்லாமலே திறக்கும்.

கருவிகளுக்கும் ஆயுள் உண்டு. அங்குலரின் முதல் வடிவமான அங்குலர்ஜேஎஸ் 2010 இல் வந்து, 2021 இறுதியோடு ஆதரவை இழந்தது. ஆனால் ஒரு வேறுபாடு: அதில் எழுதிய பக்கங்கள் இன்றும் மேலோடியில் திறக்கின்றன. அடியில் இருப்பது பொது நியமமான ஜாவாஸ்கிரிப்ட் என்பதே காரணம். கருவி மறைந்தாலும் அதன்மேல் செய்த வேலை மறைவதில்லை.

எழுத்துக்கும் இதே கதைதான். இறுவட்டில் இருந்த வினாக் கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தது. அனைத்தையும் யுனிகோடுக்கு மாற்றினோம். இப்போது தமிழ் எந்தத் தொலைபேசியிலும் தமிழாகவே தெரிகிறது.

டீச்சரின் பழைய பாடம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். 2019 இல் நியமமான வெப் அசெம்பிளி என்னும் தொழினுட்பம், பிற மொழிகளில் எழுதிய மென்பொருளையும் மேலோடிக்குள் வேகமாக இயக்கும். அதைப் பயன்படுத்திப் பழைய ஃபிளாஷ் கோப்புகளைத் திறக்க 'ரஃபிள்' என்ற இலவச மென்பொருளைத் தன்னார்வலர்கள் உருவாக்கியுள்ளனர். அதில் போட்டுப் பார்த்தோம். முதல் எழுத்தை அழுத்தியதும் 'அ' என்று ஒரு மாணவியின் குரல் கேட்டது. டீச்சர் அந்தக் குரலை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அந்த ஒலிகளையே மீண்டும் பதிவுசெய்து புதிய பாடத்திலும் சேர்த்திருக்கிறோம்.

தங்கைமாரே, புதிதாக ஒன்றைச் செய்யத் தொடங்கும்போது எது இப்போது பெயர் பெற்றது என்று மட்டும் பார்க்காதீர்கள். அடிப்படை மூன்றையும் முதலில் கற்றுக்கொள்ளுங்கள். மற்றவை அவற்றின்மேல் வந்துபோகும். பெற்றோரே, பிள்ளைகள் செய்ததை உங்கள் பழைய தொலைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். 'வெள்ளையாவே நிக்குது' என்று உம்மா சொல்லியிராவிட்டால் எங்கள் பாடமும் அலுமாரிக்குத்தான் போயிருக்கும்.