ஏகாதசி நோன்பும் பாரணை நேரமும்

மோட்சம் வேண்டி நோற்கும் விரதங்களுள் தலையாயது வைகுண்ட ஏகாதசி. மார்கழி வளர்பிறையின் பதினோராம் திதியில் உணவு துறந்து, இரவு கண்விழித்து, திருமாலின் திருநாமங்களை ஓதுதல் மரபு. திருவரங்கத்தில் அன்று விடியற்காலை பரமபத வாசல் திறக்கப்பட, நம்பெருமாள் அவ்வழியே எழுந்தருள்கிறார். செமினி அன்பர்கள் பெருமாளைச் சேவிக்க, கிள்ளானில் 1892-இல் தோன்றிய ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயம் உள்ளது.

நோன்பைத் தொடங்குவோர் பலர். முறையாக முடிப்போரோ சிலரே. மறுநாள் துவாதசி நீங்குமுன் பாரணை செய்தாக வேண்டும். அம்பரீஷ மன்னனுக்கு நேர்ந்த சோதனையும் இதுவே. விருந்தினராக வந்த துர்வாசர் நீராடச் சென்று திரும்பத் தாமதமாயிற்று. திதியோ கழியும் தறுவாயில் இருந்தது. விருந்தினருக்கு முன் உண்ணவும் இயலாது, விரதத்தைக் கைவிடவும் இயலாது. மன்னன் நீரை மட்டும் அருந்தி விரதத்தை முடித்தான். முனிவரின் சினத்தினின்று அவனைக் காத்தது திருமாலின் சக்கரம்.

செமினியில் தமிழகப் பஞ்சாங்கத்தைப் பார்ப்போர் திதி நேரத்துடன் இரண்டரை மணியைக் கூட்டிக்கொள்ளல் வேண்டும். அங்கே காலை 7 மணிக்குத் துவாதசி முடியுமாயின், இங்கே 9.30 மணி. சூரிய உதயத்திற்கு இக்கணக்கு பொருந்தாது. மார்கழியில் இங்கே கதிரவன் எழுவது ஏறத்தாழ 7.15 மணிக்கு.

பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் சிறப்பு. அகத்தி கிட்டாத இல்லங்களில் துளசி தீர்த்தம் பருகி, உரிய வேளையில் பாரணையைத் தொடங்கலாம்.