நாய்க்கு முதுகில் அடி: முதல் நாள் வேகம், அதன் பிறகு பொறுமை

முதுகுத் தொந்தரவு வந்த நாயைக் கவனிப்பதில் நம் வீடுகளில் இரண்டு காரியங்கள் தலைகீழாக நடக்கின்றன. முதல் நாள் நாய் முனகும்போது, "எங்கேயாவது சுளுக்கியிருக்கும், இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று காத்திருக்கிறோம். மருந்து வேலை செய்து நாய் எழுந்து நடக்க ஆரம்பித்ததுமே, "பாவம், எவ்வளவு நேரம்தான் அடைத்து வைப்பது" என்று அவிழ்த்து விடுகிறோம். அவசரப்பட வேண்டிய நேரத்தில் காத்திருக்கிறோம். காத்திருக்க வேண்டிய நேரத்தில் அவசரப்படுகிறோம். மறுபடி நடந்திருக்க வேண்டிய நாய்கள் பல முடங்கிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதுகுக்குள் என்ன நடக்கிறது?

நாயின் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 13, இடுப்புப் பகுதியில் 7 என்று முள்ளெலும்புகள் வரிசையாக இருக்கின்றன. இவற்றின் நடுவே ஓடும் குழாய்க்குள்தான் தண்டுவடம் இருக்கிறது. கால்களை அசைப்பது, வலியை உணர்வது, சிறுநீரை அடக்குவது எல்லாம் அதன் வழியாகவே நடக்கின்றன. எலும்புக்கும் எலும்புக்கும் இடையே அதிர்ச்சி தாங்கும் 'டிஸ்க்' இருக்கிறது. இளம் நாயின் டிஸ்க், உள்ளே இள நுங்கு போல மெத்தென்று இருக்கும். சில இனங்களில் அது ஓரிரு வயதிலேயே முற்றிக் கடினமாகிவிடுகிறது. பிறகு சோபாவிலிருந்து ஒரு குதி குதித்தாலே போதும். வெளிவளையம் கிழிந்து, உள்ளிருப்பது மேல்நோக்கிப் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். மார்பும் இடுப்பும் சேரும் இடத்தில்தான் இது அதிகம் நேர்கிறது.

முதுகுக் கோளாறு எல்லாமே டிஸ்க் பிரச்சினை அல்ல. வண்டியில் அடிபட்டோ மாடியிலிருந்து விழுந்தோ முள்ளெலும்பு முறியலாம், விலகலாம். தண்டுவடத்துக்குப் போகும் ரத்தக்குழாய் திடீரென அடைபடுவதும் உண்டு. நன்றாக ஓடி விளையாடிக்கொண்டிருந்த நாய் ஒருமுறை கத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடும்; அதன்பின் பெரிதாக வலி இருக்காது. இவற்றுள் எது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும்.

எந்த நாய்களுக்கு அதிகம்?

உடல் நீண்டு கால் குட்டையான டாஷ்ஹண்ட்தான் முதலிடம். அந்த இன நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் டிஸ்க் பிரச்சினை வருகிறது. பீகிள், ஷிட்சூ, பெக்கிங்கீஸ், காக்கர் ஸ்பானியல், பிரெஞ்சு புல்டாக் ஆகியவையும் கவனிக்க வேண்டிய இனங்கள். டிஸ்க் சீக்கிரம் முற்றிப்போவதற்குக் காரணமான மரபணு மாற்றம் 12ஆம் குரோமோசோமில் இருப்பது 2017இல் கண்டறியப்பட்டது. இந்த இனங்களில் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு வயதுக்குள் தாக்கும். லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய நாய்களில் வயதான பிறகு மெல்ல மெல்ல வரும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நெடுங்கால் நாய்கள் குட்டைக்கால் இனங்களைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கும் தெருவில் வளரும் நாட்டு நாய்களுக்கும் பெரிய ஆபத்து சாலைதான்.

கண்ணில் படும் அறிகுறிகள்

தூக்கும்போது கத்துவது, முதுகைக் கூன் போட்டு நிற்பது, வயிறு கல் போல இறுகியிருப்பது, தலை குனிந்து சாப்பிடத் தயங்குவது, படியேற மறுப்பது ஆகியவை தொடக்க அறிகுறிகள். 'வயிற்று வலி' என்று பலரும் தப்பாக எடுத்துக்கொள்வது இவற்றைத்தான்.

நாய் டைல்ஸ் தரையில் நடக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். பின்னங்கால் நகங்கள் உரசி 'சர்க் சர்க்' என்று சத்தம் வந்தால், கால் முழுதாகத் தரையைவிட்டு எழும்பவில்லை என்று பொருள். நகங்களையும் பாருங்கள், நடுவிரல் நகங்களின் மேல்பக்கம் தேய்ந்து மழுங்கியிருக்கும். நாயை நிற்க வைத்து, உடலைத் தாங்கிப் பிடித்தபடி, ஒரு பின்பாதத்தை மெதுவாக மடக்கி அதன் மேல்புறம் தரையில் படும்படி வையுங்கள். நலமான நாய் உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றிக்கொள்ளும். அப்படியே மடிந்த பாதத்தில் நின்றுகொண்டிருந்தால், கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வலியால் துடிக்கும் நாய்க்கும், விபத்தில் அடிபட்ட நாய்க்கும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்.

முதல் சில மணி நேரம்

பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு போகும் நாய்க்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இரவாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மற்றொரு கை பின்பக்கத்துக்கு அடியில் இருக்கட்டும். முதுகு வளையவே கூடாது. முன்னங்கால் இரண்டையும் பிடித்துத் தூக்குவது ஆகவே ஆகாது. விபத்தில் அடிபட்ட நாயைப் பலகை, அட்டை அல்லது கெட்டியான பெட்ஷீட் மேல் மெல்ல நகர்த்தி, அசையாதபடி கொண்டு போங்கள். வலியில் இருக்கும் நாய் வளர்த்தவரையே கடிக்கும். மூச்சு விடச் சிரமப்படாத நாயாக இருந்தால் வாயைத் துணியால் தளர்வாகக் கட்டலாம்.

எண்ணெய் காய்ச்சி முதுகை நீவாதீர்கள். சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டு போகாதீர்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். இவை நாயின் கல்லீரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியவை. ஏற்கெனவே எதையாவது கொடுத்திருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த வலிமாத்திரையும் அவர் கொடுக்கும் ஸ்டீராய்டும் ஒன்றாகச் சேர்ந்தால் குடலே ஓட்டையாகலாம்.

இன்னொரு எச்சரிக்கை: வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாய்க்குக் கால் விழுந்தால் வெறிநோயாகவும் இருக்கலாம். எச்சில் கையில் படாமல் எச்சரிக்கையாகக் கையாண்டு, மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மருந்தா, அறுவை சிகிச்சையா?

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியும், தண்டுவடம் தெரியாது. அதற்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். உங்கள் ஊர் மருத்துவரிடம் அந்த வசதி இல்லையென்றால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே எந்தப் பரிசோதனை நடக்கிறது என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

வலி மட்டும் இருக்கும் நாய்களும், தள்ளாடியாவது நடக்கும் நாய்களும் பெரும்பாலும் ஓய்விலும் மருந்திலும் தேறிவிடும். நடக்கவே முடியாத நாய்க்கு அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். காலில் வலி உணர்வு மிச்சமிருந்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மறுபடி நடக்கின்றன. அந்த உணர்வும் போய்விட்டால், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஏறத்தாழ பாதிதான் தேறுகின்றன. முதல் நாள் வேகம் எதற்கு என்பது இங்கேதான் புரியும்.

வலி உணர்வைச் சோதிக்க மருத்துவர் கால் விரலை இடுக்கியால் அழுத்துவார். நாய் காலை இழுத்துக்கொண்டதும் வீட்டார் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் மூளைக்குச் செய்தி போகாமலே கால் தானாக மடங்கக்கூடும். நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா என்பதுதான் கணக்கு.

கூண்டு ஓய்வு: சிகிச்சையின் பாதி

அறுவை சிகிச்சை செய்யாத நாய்க்குக் குறைந்தது நான்கு வாரம் கட்டாய ஓய்வு வேண்டும். பலருக்கு ஆறு வாரம் சொல்வார்கள். கிழிந்த டிஸ்க் வளையம் ஆற அவ்வளவு காலம் பிடிக்கும். வலிமருந்து இரண்டே நாளில் வலியைக் குறைத்துவிடும். காயம் அப்படியேதான் இருக்கும். வலி தெரியாத நாய் குதிக்கும். குதித்தால் மிச்சமிருப்பதும் பிதுங்கும்.

எழுந்து நிற்கவும் திரும்பவும் நீட்டிப் படுக்கவும் இடம் இருக்கும் கூண்டு போதும். அதை வீட்டார் நடமாடும் இடத்திலேயே வையுங்கள். தனியறையில் அடைத்தால் நாய் ஏங்கிப்போய்க் கத்தும், கூண்டைப் பிறாண்டும். மலம், சிறுநீர் கழிக்க மட்டும் பட்டையில் பிடித்து வெளியே அழைத்துப் போங்கள். அசைவு குறைவதால் தீனியையும் மருத்துவர் சொல்லும் அளவுக்குக் குறையுங்கள்.

சிறுநீரும் படுக்கைப்புண்ணும்

கால் விழுந்த நாய்க்குப் பல நேரம் சிறுநீர்ப்பையும் வேலை செய்யாது. படுக்கை நனைந்திருப்பதைப் பார்த்து, 'ஒன்றுக்குப் போகிறது' என்று நிம்மதியடைந்துவிடுகிறோம். உண்மையில் பை நிரம்பி வழிந்து சொட்டுவதாக இருக்கலாம். அப்படியே விட்டால் பை தளர்ந்துபோகும், கிருமி தொற்றும். தினமும் மூன்று, நான்கு முறை கையால் அழுத்தி வெளியேற்ற வேண்டியிருக்கும். பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால், அடிவயிற்றின் இரு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து, சீராக, அவசரமில்லாமல் அழுத்த வேண்டும். இதை மருத்துவர் உங்கள் கையைப் பிடித்துச் சொல்லித் தந்த பிறகே செய்யுங்கள். சிறுநீர் கலங்கியிருந்தாலோ ரத்தம் தெரிந்தாலோ துர்நாற்றம் அடித்தாலோ உடனே தெரிவியுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். மெத்தை கெட்டியாக, உலர்ந்து இருக்கட்டும். இடுப்பெலும்பு, தொடை, கணுக்கால் முடியை விலக்கித் தினமும் பாருங்கள். தோல் சிவப்பதுதான் புண்ணின் ஆரம்பம்.

முதல் வாரத்தில் முன்னங்கால்களும் தளர்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். தண்டுவடம் மேல்நோக்கி அழுகிவரும் ஆபத்தான நிலையாக இருக்கலாம்.

மறுபடி நடக்கப் பழக்குதல்

மருத்துவர் அனுமதித்த பிறகு, படுத்திருக்கும் நாயின் பின்னங்காலை மெல்ல மடக்கி நீட்டுங்கள். அடுத்த கட்டம், தாங்கி நிற்க வைப்பது. பிறகு, அடிவயிற்றுக்குக் கீழே துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடி சில அடிகள் நடத்துவது. இதற்கு வழவழப்பான தரை உதவாது. சாக்கு, ரப்பர் பாய், தேங்காய் நார் மிதியடி போட்டுப் பாதை அமையுங்கள். தண்ணீருக்குள் நடக்க வைக்கும் பயிற்சி நல்ல பலன் தரும். ஆனால் அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. நாயைக் கிணற்றிலோ கண்மாயிலோ இறக்கிவிடுவது வேறு காரியம்.

முன்னேற்றம் வாரக் கணக்கில்தான் தெரியும். உங்கள் குரலைக் கேட்டு வால் அசைந்தால் அது நல்ல செய்தி. பிறகு படுத்தபடி கால் உதறும், தடுமாறி நிற்கும், கோணலாக நடக்கும். தினமும் அரை நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவருக்கும் பயன்படும், நீங்கள் சோர்ந்துபோகும் நாளில் உங்களுக்கும் பயன்படும்.

நடக்கவே முடியாவிட்டால்

எல்லா நாயும் எழுந்துவிடாது. ஆனாலும், வலியில்லாமல் சாப்பிட்டு, வீட்டாரைக் கண்டதும் உற்சாகம் காட்டும் நாய், பின்பக்கம் சக்கர வண்டி பூட்டினால் தெருவில் ஓடும். அதற்கு உங்கள் நேரம் வேண்டும், சுத்தம் வேண்டும், வீட்டில் எல்லாரும் பங்கெடுக்க வேண்டும். "இனி எதற்கு?" என்ற முடிவை முதல் வாரத்திலேயே எடுத்துவிடாதீர்கள்.

வராமல் தடுக்க

விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்கு எடையை வைத்திருங்கள். கொஞ்சுவதற்காகக் கொடுக்கும் பிஸ்கட்டையும் பால் சோற்றையும் குறையுங்கள். சோபா, கட்டிலுக்குச் சாய்வுப் பலகை வையுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை மாட்டுங்கள். இரண்டு காலில் நிற்க வைத்து வேடிக்கை பார்க்க வேண்டாம். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கட்டாமல் நிற்க வைத்துக் கூட்டிப்போக வேண்டாம். தெருப்பக்கக் கதவை எப்போதும் தாழிட்டு வையுங்கள்.

இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை பக்கத்தில் எது, ஸ்கேன் எங்கே எடுக்கிறார்கள் என்பதை நாய் நலமாக இருக்கும்போதே விசாரித்து, போன் எண்ணை வீட்டில் எல்லாருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். அந்த முதல் நாள் வந்துவிட்டால், தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.