ரப்பர் பாலும் அரைப்படையும்

"தேய்ச்சா மாறுது, நிறுத்துனா பின்னயும் வருது." கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் படையால் அவதிப்படுகிறவர்களின் முறையீட்டை இந்த ஒரே வரியில் அடக்கிவிடலாம். விடியுமுன் தலையில் விளக்கு கட்டி ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு, வெயில் ஏறுவதற்குள் உடுத்த துணி வியர்வையில் ஊறிவிடும். இரண்டு பருவமழையும் பெய்யும் மண் இது. துவைத்த உள்ளாடை பாதி ஈரத்தோடு உடம்பில் ஏறும். இடுப்பு மடிப்பு, தொடையிடுக்கு, அரைஞாண் கயிறு உரசும் இடம் மூன்றும் பூஞ்சைக்குப் பிடித்தமானவை.

படை புதிய நோயல்ல. சொன்னபடி கேட்காத படைதான் புதிது. அதை உண்டாக்கி இந்தியாவில் பரவிய பூஞ்சைக்கு 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று பெயரிட்டார்கள். 2023இல் நியூயார்க்கில் இரண்டு பெண்களிடம் அது கண்டறியப்பட்டதும், பத்திரிகைகள் 'சூப்பர் பூஞ்சை' என்று அலறின. அந்த அலறல் தேவையில்லை. இந்தப் பூஞ்சை உயிரைக் குடிப்பதில்லை, தோலைத் தாண்டி உள்ளே இறங்குவதும் அபூர்வம். ஆனால் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கும், வீட்டில் ஒருவர் விடாமல் தொற்றும்.

மருந்துகளின் வரலாறு இரண்டு வரிதான். 1958இல் கிரிசியோஃபுல்வின் மாத்திரை, 1991இல் டெர்பினாஃபின். இரண்டாவது வந்த பிறகு, தினம் 250 மில்லிகிராம் வீதம் இரண்டு முதல் நான்கு வாரத்தில் படை போய்விடும் என்று மருத்துவர்கள் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

அந்தத் தைரியம் எங்கே உடைந்தது என்பதில்தான் வியப்பு இருக்கிறது. ரப்பர் மரமும் படைப் பூஞ்சையும் ஒரே சரக்கில் தொடங்குகின்றன. ஐந்து கார்பன் கொண்ட ஐசோபிரீன் அலகுதான் அந்தச் சரக்கு. அதைத் தோவாளைச் சந்தைப் பிச்சிப்பூ என்று வைத்துக்கொள்வோம். மரம் ஆயிரக்கணக்கான பூக்களை ஒரே சரமாகக் கட்டிக்கொண்டே போகிறது. சிரட்டையில் வடிவது அந்தச் சரம். பூஞ்சையோ ஆறே பூவோடு நிறுத்திவிடும். அந்த ஆறு பூச் சரத்துக்கு ஸ்குவாலீன் என்று பெயர். அதன் நுனியில் ஸ்குவாலீன் எபாக்ஸிடேஸ் என்ற நொதி ஓர் ஆக்சிஜனைச் சேர்த்து முதல் முடிச்சைப் போடுகிறது. முடிச்சு விழுந்தால்தான் அடுத்த நொதி சரத்தை வளையங்களாக மடக்க முடியும். பல கை மாறி எர்கோஸ்டெரால் பிறக்கும். பூஞ்சை செல்லின் சுவருக்கு உட்புறம் உள்ள சவ்வு அதனால்தான் உறுதி பெறுகிறது.

டெர்பினாஃபின் முடிச்சுப் போடும் கையைப் பிடித்துக்கொள்கிறது. சவ்வுக்கு மாலை வராது. கட்டி முடியாத சரங்களும் கடைக்குள் குவிந்து அழுகி, கடைக்காரரையே மூச்சுமுட்ட வைக்கும். ஒரே மருந்தால் இரட்டை அடி. நமக்கும் கொலஸ்டிரால் செய்ய இதே வகை நொதி உண்டு. ஆனால் நம் நொதியை இந்த மருந்து அவ்வளவாகப் பற்றுவதில்லை.

புதிய பூஞ்சை அந்தக் கையின் வடிவத்தைச் சற்று மாற்றிவிட்டது. நொதியின் 397ஆம் இடத்தில் இருக்க வேண்டிய ஃபினைல் அலனின் என்ற அமினோ அமிலம் லியூசினாக மாறியிருப்பது அடிக்கடி காணப்படும் மாற்றம். ஓர் அமினோ அமிலம் மாறியதும் மருந்தின் பிடி வழுக்கிவிடுகிறது. முடிச்சோ தடையின்றி விழுந்துகொண்டே இருக்கிறது.

இந்த நிலையில் மருந்துக்கடையில் நேரே வாங்கும் களிம்பு செய்யும் கெடுதல் பெரிது. குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், பாக்டீரியா மருந்தும் ஒரே குழாயில். ஸ்டீராய்டு பூஞ்சையைத் தொடுவதே இல்லை. அதை எதிர்க்கும் நம் உடம்பைத்தான் அடக்குகிறது. அரிப்பும் சிவப்பும் மறுநாளே தணியும், பூஞ்சை நிம்மதியாகப் படரும். படையை அடையாளம் காட்டும் சிவந்த வளைய விளிம்பும் அழிந்துபோவதால் மருத்துவரே குழம்ப நேரிடும். பல மாதம் தேய்த்தால் தொடையிடுக்கில் தோல் மெலிந்து நிரந்தரமாக வரிகள் விழும். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சீட்டில்லாத விற்பனை அதனால் நின்றுவிடவில்லை.

செய்ய வேண்டியது எளிமையானது, ஆனால் பொறுமை கேட்கும். படை விளிம்பைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் தெரியும். மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவுகளில் இது வழக்கமான சோதனை. டெர்பினாஃபின் கேட்காதபோது பெரும்பாலும் இட்ராகோனசோல், வாரக்கணக்கில், மருத்துவர் கண்காணிப்பில். அரிப்பு நின்ற அன்றே மாத்திரையை நிறுத்தினால் படை திரும்பும். வீட்டில் படை உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை வேண்டும். துவர்த்து (துண்டு) ஆளுக்கொன்று. அரைஞாண் கயிற்றைக் குணமாகும் வரையாவது கழற்றி வைக்க வேண்டும்.

அரிப்பே இல்லாத, நிறம் வெளுத்த, தொட்டால் உணர்ச்சி மரத்த திட்டு படையாக இருக்க வாய்ப்பு குறைவு. அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். எந்தக் களிம்பும் தேய்க்கும் முன் அங்கே காட்டிவிட வேண்டும்.