பழுது லைனிலா, வை-பியிலா?

இன்டர்நெட் விட்டு விட்டு வருகிறதா? போன் செய்தால் ரவுட்டரை ஆப் செய்து ஆன் செய்யச் சொல்வார்கள். பத்து நிமிடம் ஓடும். பிறகு பழைய கதைதான். என் மகளின் ஆன்லைன் தேர்வு இப்படித்தான் பாதியில் நின்றது. அடுத்த தேர்வுக்கு இரண்டே நாள். அன்று இரவு நான் செய்த சோதனையை நீங்களும் செய்து பாருங்கள்.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஐபிகான்பிக் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். டீபால்ட் கேட்வே என்பதற்கு எதிரே உள்ள எண்தான் உங்கள் ரவுட்டரின் முகவரி, பெரும்பாலும் 192.168.1.1 போல இருக்கும். அந்த எண்ணுக்குப் பிங் கட்டளை கொடுங்கள். முடிவில் ஹைபனும் டி எழுத்தும் சேர்த்தால் நீங்கள் நிறுத்தும் வரை ஓடும். இன்னொரு விண்டோவில் கூகுளின் 8.8.8.8 எண்ணுக்கும் இதேபோல் கொடுங்கள்.

இணைப்பு அறுபடும்போது இரண்டையும் பாருங்கள். 8.8.8.8 மட்டும் பதில் தராவிட்டால் ரவுட்டர் வரை சரி; அதற்கு அப்பால்தான் பழுது. பைபர் மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பார்த்துப் புகார் செய்யுங்கள்.

இரண்டுமே நின்றால் வை-பி மீதுதான் சந்தேகம். லேன் கேபிளில் இணைத்தும் ஒருமுறை சோதியுங்கள். அதிலும் நின்றால் ரவுட்டரையே மாற்ற வேண்டி வரலாம்.

எங்கள் வீட்டில் கேபிளில் நிற்கவில்லை. வை-பியில் இரண்டுமே நின்றன, அதுவும் சமையலறையில் மைக்ரோவேவ் ஓடியபோதெல்லாம்! அது ஏறத்தாழ 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, வை-பியின் 2.4 அலைவரிசையும் அங்கேதான் இருக்கிறது. லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். இது சுவர்களைத் தாண்டச் சற்றுத் திணறும் என்பதால், அலமாரிக்குள் கிடந்த ரவுட்டரை (அங்கே வைத்தவன் நான்தான்) ஹாலில் உயரமாக மாட்டினேன். தேர்வு நேரத்தில் யாரோ பால் சுட வைத்தார்கள், இணைப்பு அசையவில்லை.